சந்தேகத்தின் பலன் யாருக்கு?

போன வாரம் ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு பெரிய சண்டை. கைகலப்பு இல்லை, வாய்ச்சண்டைதான். சாம்பார் ஆறி, அப்பளம் நமுத்துப் போகும் வரைக்கும் நடந்தது. ஆரம்பித்து வைத்த புண்ணியவான் அடியேன்.

ரஃபேல் பெரால்டா என்ற அமெரிக்க மெரைன் வீரரைப் பற்றிப் படித்துவிட்டு, மனசு கேட்காமல் சாப்பிடும்போது சொல்லித் தொலைத்தேன். உடனே ஒரு நண்பன், "ஈராக்கை நாசம் பண்ணப் போனவன் செத்தான். அதுக்கு உனக்கு எதுக்குடா கண்ணு கலங்குது?" என்றான். போர்ப் படங்களை வசனத்தோடு ஒப்பிக்கும் இன்னொருவன் எதிர்த் திசையிலிருந்து வந்தான். "மச்சி, அவருக்குப் பெரிய மெடல் குடுக்காம ஏமாத்திட்டாங்க. அதான் பிரச்சினையே. வேற எதுவும் பேசாத."

இரண்டு பேருக்கும் அன்றைக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. எனக்குச் சரியான பதில் எப்போதுமே கை கழுவும்போதுதான் தோன்றும். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும். அடிக்க வருபவர்கள் வரிசையில் வரவும் :-)

யார் இந்தப் பெரால்டா?

1979 ஏப்ரல் 7 அன்று மெக்சிகோ நகரில் பிறந்தவர். சிறுவயதில் குடும்பத்தோடு எல்லை தாண்டி அமெரிக்காவின் சான் டியேகோ நகருக்கு வந்து சேர்ந்தார். பச்சை அட்டை, அதாவது நிரந்தரமாகத் தங்கி வேலை பார்க்கும் அனுமதி, 2000இல் கைக்குக் கிடைத்தது. கிடைத்ததும் அவர் செய்த முதல் காரியம் மெரைன் படையில் சேர்ந்ததுதான். குடியுரிமை அப்புறம்தான் வந்தது, அதுவும் சீருடையில் இருக்கும்போது.

மெரைன் என்றால் தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவில் தரைப்படை தனி, கடற்படை தனி, மெரைன் படையும் தனி. நிர்வாக ரீதியில் அது கடற்படைத் துறையின் கீழ் வரும். அதனால்தான் மெரைன்களுக்குக் கிடைக்கும் இரண்டாவது உயரிய வீரப் பதக்கத்துக்குப் பெயர் 'நேவி கிராஸ்'. அதற்கும் மேலே இருப்பது ஒன்றே ஒன்றுதான், 'மெடல் ஆஃப் ஆனர்'. இந்த இரண்டு பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் அவர்தான் மூத்த பிள்ளை. அப்பா 2001இல் ஒரு விபத்தில் இறந்துவிட்டார். அதன் பிறகு தம்பி தங்கைகளுக்கு அண்ணனும் அவர்தான், அப்பாவும் அவர்தான். அவருடைய அறைச் சுவரில் மாட்டியிருந்தவை மூன்று: அமெரிக்க அரசியல் சாசனம், உரிமைகள் சாசனம், மெரைன் பயிற்சியை முடித்த சான்றிதழ். நம் அறைச் சுவர்களில் என்ன தொங்குகிறது என்று யோசித்துப் பார்த்தேன். வேண்டாம், விட்டுவிடுவோம்.

ஈராக்கிலிருந்து பதினான்கு வயதுத் தம்பிக்குக் கடிதம் எழுதினார். என்னை நினைத்துப் பெருமைப்படு, அமெரிக்கனாக இருப்பதை நினைத்துப் பெருமைப்படு என்பதுதான் அதன் சாரம். தம்பிக்கு அவர் எழுதிய கடைசிக் கடிதங்களில் ஒன்று அது.

2004 நவம்பர் 15

ஃபலூஜா நகரம். இரண்டாம் ஃபலூஜா சண்டை தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. வீடு வீடாகக் கதவை உடைத்து, அறை அறையாகப் போக வேண்டும். எந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

பெரால்டாவின் பொறுப்பு வேறு. அன்றைக்கு அந்த வரிசையில் அவர் முன்னால் போயிருக்க வேண்டியதில்லை. தானாகவே கேட்டுச் சேர்ந்துகொண்டார். ஒரு வீட்டின் உள் அறைக் கதவைத் திறந்ததும் மிக அருகிலிருந்து துப்பாக்கிச் சூடு. உடம்பில் பல குண்டுகள் பாய்ந்து விழுந்தார். அந்தக் களேபரத்தில் அவருடைய பின்னந்தலையிலும் ஒரு தோட்டாத் துண்டு பாய்ந்தது. சக வீரர் ஒருவர் சுட்டது எங்கோ பட்டுத் தெறித்து வந்திருக்கலாம் என்றது பிற்பாடு நடந்த ஆய்வு. அடுத்த சில நொடிகளில் எதிர்த் தரப்பிலிருந்து ஒரு கையெறிகுண்டு உருண்டு வந்தது. வெடித்தது. பெரால்டா இறந்தார். அந்த அறையில் இருந்த மற்ற மெரைன்கள் பிழைத்தார்கள்.

அப்போது அவருக்கு 25 வயது. நம் சூப்பர் சீனியர்களைவிடக் கொஞ்சம்தான் பெரியவர்.

கீழே விழுந்து கிடந்த பெரால்டா கையை நீட்டி அந்தக் குண்டைத் தன் உடம்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார், அதனால்தான் நாங்கள் பிழைத்தோம் என்று சக வீரர்கள் வாக்குமூலம் கொடுத்தார்கள். 2005ஆம் ஆண்டு நினைவு நாள் உரையில் அதிபர் ஜார்ஜ் புஷ்ஷே அவர் பெயரைச் சொல்லி, சக வீரர்களைக் காக்க உயிர் கொடுத்தவர் என்று புகழ்ந்தார். அந்தக் கடிதமும் உரையில் இடம்பெற்றது. பேசும்போது யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. கவனியுங்கள்.

சந்தேகம் எப்போது வந்தது?

பதக்கம் கொடுக்கும் நேரத்தில் வந்தது.

ஃபலூஜாவில் மெரைன் டிவிஷனுக்குத் தலைமை வகித்த ரிச்சர்ட் நடோன்ஸ்கி மெடல் ஆஃப் ஆனருக்குப் பரிந்துரைத்தார். மெரைன் படையும் கடற்படைத் துறையும் வழிமொழிந்தன. கோப்பு பாதுகாப்புத் துறைச் செயலர் ராபர்ட் கேட்ஸின் மேசைக்குப் போனது. முதலில் அவரும் சம்மதித்திருந்தார். பிறகு பென்டகனுக்குள்ளிருந்தே ஒரு கேள்வி கிளம்பியது: தலையில் அப்படிப்பட்ட காயம் பட்ட ஒருவரால், தெரிந்தே, நினைத்தே, கையை நீட்டியிருக்க முடியுமா?

கேட்ஸ் ஐந்து பேர் கொண்ட குழுவை அமைத்தார். ராணுவ அனுபவம் உள்ளவர்கள், நரம்பு அறுவை மருத்துவர், தடயவியல் நிபுணர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். அந்த உயரிய பதக்கத்துக்கு விதி ரொம்பக் கறார். துளியும் சந்தேகத்துக்கோ பிழைக்கோ இடம் இருக்கக் கூடாது. சான்றுகள் அந்த அளவுகோலை எட்டவில்லை என்றது குழு. 2008 செப்டம்பரில் மெடல் ஆஃப் ஆனர் இல்லை, நேவி கிராஸ்தான் என்று அறிவித்தார்கள். புதிய வீடியோவும் புதிய மருத்துவக் கருத்தும் வந்த பிறகும் 2012இல் லியோன் பனெட்டா மறுத்தார். 2014இல் சக் ஹேகலும் மறுத்தார். மூன்று செயலர்கள், ஒரே பதில்.

சரி, விதி கறாராக இருக்கட்டும். உயரிய பதக்கம் என்றால் கறாராகத்தான் இருக்க வேண்டும். அதில் எனக்குத் தகராறு இல்லை. என் தகராறு வேறு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஒன்று: ஒரே வாயில் இரண்டு பேச்சு

நேவி கிராஸோடு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்களே, அதில் என்ன இருக்கிறது தெரியுமா? குண்டு அவர் தலைக்கு அருகில் வந்து நின்றது, அவர் கொஞ்சமும் தயங்காமல் கையை நீட்டி அதைத் தன் உடம்போடு இழுத்துக்கொண்டார், வெடிப்பைத் தானே தாங்கி அருகில் இருந்தவர்களைக் காத்தார். இதுதான் அதன் உள்ளடக்கம். 'இருக்கலாம்' இல்லை, 'கூறப்படுகிறது' இல்லை. நடந்தது என்றே எழுதியிருக்கிறார்கள்.

கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். அவர் குண்டை இழுத்தாரா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால் முதல் பதக்கம் இல்லை. ஆனால் அவர் குண்டை இழுத்தார், அதனால் இரண்டாம் பதக்கம். இரண்டையும் சொல்வது ஒரே அரசாங்கம்.

இழுத்தார் என்று நம்பினால் மேலே இருப்பதைக் கொடு. நம்பவில்லை என்றால் அந்தப் பத்திரத்தில் பொய் எழுதாதே. கதவைத் திறந்து முன்னால் போனார், சுடப்பட்டார், செத்தார் என்று எழுது. அதுவும் வீரம்தான். இரண்டும் இல்லாமல் பாதிச் சந்தேகத்துக்குப் பாதிப் பதக்கம் என்பது நீதி இல்லை, பேரம். பரீட்சையில் காப்பி அடித்தானா இல்லையா என்று தெரியவில்லை, அதனால் பாதி மார்க் போடுவோம் என்பது மாதிரி.

அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றா என்றும் பார்ப்போம். ஹேகல் பெரால்டாவின் கோப்பை மூடியது 2014 பிப்ரவரியில். அதே ஆண்டு ஜூனில் கைல் கார்ப்பெண்டர் என்ற மெரைனுக்கு மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது. 2010இல் ஆப்கானிஸ்தானில் மொட்டை மாடி ஒன்றில் நண்பனைக் காக்கக் குண்டின் மேல் பாய்ந்தவர். அந்தக் கணத்தை நேரில் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. உடன் இருந்த நண்பர் பலத்த தலைக் காயத்தோடு கிடந்தார். கார்ப்பெண்டருக்கே அந்தக் கணம் சரியாக நினைவில் இல்லை. காயங்களையும் தடயங்களையும் வைத்து முடிவுக்கு வந்தார்கள். அவர் அந்தப் பதக்கத்துக்கு முழுத் தகுதி உள்ளவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தடயம் ஓரிடத்தில் சாட்சியாகவும் இன்னோரிடத்தில் முட்டுக்கட்டையாகவும் ஆவது எப்படி என்று கேட்கக் கூடாதா?

இரண்டு: எதிர்த் தரப்பையும் கேட்போம்

இங்கே நான் நேர்மையாக இருக்க வேண்டும். மெடல் கட்சி நண்பா, இது உனக்கு.

அன்றைக்கு பெரால்டாவோடு போன மெரைன்களில் சிலர் 2014இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழிடம் வேறு கதை சொன்னார்கள். அவர் குண்டை இழுக்கவில்லை, அது அவருக்குப் பக்கத்தில் வெடித்தது, இறந்த நண்பருக்கு மரியாதை செய்ய அன்றைக்கே இந்தக் கதை உருவானது என்றார்கள். சொன்னவர்கள் அவருடைய எதிரிகள் இல்லை. அவரை நேசித்தவர்கள்தான். பத்து வருஷம் மனசில் வைத்துப் புழுங்கிவிட்டுச் சொன்னார்கள். மற்றவர்கள் கடைசிவரை தங்கள் வாக்குமூலத்தில் உறுதியாக நின்றார்கள்.

இப்படியெல்லாம் நடக்குமா என்றால், நடக்கும். அதே 2004இல் நடந்திருக்கிறது. கால்பந்து விளையாட்டை விட்டுவிட்டு ராணுவத்தில் சேர்ந்த பேட் டில்மன் ஏப்ரல் 22 அன்று ஆப்கானிஸ்தானில் தன் படையினரின் குண்டுக்கே பலியானார். எதிரியோடு போரிட்டு இறந்ததாகக் கதை எழுதி 'சில்வர் ஸ்டார்' பதக்கம் கொடுத்தார்கள். உண்மை குடும்பத்துக்குத் தெரிய வாரக்கணக்கில் ஆனது. வீரக் கதை தேவைப்படும்போது ராணுவம் கதை எழுதும். ஆகவே சந்தேகப்படுபவர்கள் எல்லோரும் துரோகிகள் என்று கத்துவதில் அர்த்தமில்லை.

அந்த அறையில் அந்த மூன்று நொடியில் என்ன நடந்தது என்று எனக்குத் தீர்ப்புச் சொல்ல உரிமை இல்லை. ஆனால் யாருமே மறுக்காத விஷயங்கள் இருக்கின்றன. அவர் முன்னால் போக வேண்டியதில்லை, போனார். கதவை அவர் திறந்தார். முதல் குண்டு அவருக்குப் பட்டது. அவருக்குப் பின்னால் நின்றவர்கள் வீடு திரும்பினார்கள். இதற்கு மேல் குண்டையும் அணைத்தால்தான் அவரை நினைவில் வைத்துக்கொள்வோம் என்றால், கோளாறு நம் நினைவில் இருக்கிறது.

மூன்று: உண்மையான கேள்வி

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். மேலே சொன்னதெல்லாம் பீடிகை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

செத்துப்போன ஒரு பையனின் கை அசைந்ததா இல்லையா என்று தீர்மானிக்க ஐந்து நிபுணர்கள், மூன்று செயலர்கள், பல வருஷ ஆய்வு. துளியும் சந்தேகம் இருக்கக் கூடாது என்ற விதி. நல்லது. அந்தப் பையனை அந்தக் கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திய போருக்கு என்ன விதி வைத்திருந்தார்கள்?

2003 பிப்ரவரி 5. ஐ.நா. பாதுகாப்பு சபை. வெளியுறவுச் செயலர் காலின் பவல் ஒரு சின்னக் குப்பியைக் கையில் தூக்கிக் காட்டி, சதாம் உசேனிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்று உலகத்துக்கே வகுப்பெடுத்தார். நடமாடும் உயிரி ஆயுதக் கூடங்கள் லாரிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்றார். அந்த லாரிக் கதை பெரும்பாலும் ஒரே ஒரு ஆளின் வாய்வார்த்தை. 'கர்வ்பால்' என்று குறியீட்டுப் பெயர் வைக்கப்பட்ட ஒரு ஈராக்கியர், ஜெர்மனி உளவுத்துறையின் பொறுப்பில் இருந்தவர். அவர் நம்பத்தகுந்தவர்தானா என்ற கேள்வி அப்போதே உளவு வட்டாரத்தில் இருந்தது. 2011இல், நான் சொன்னது பொய் என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்த உரை தன் பெயருக்கு ஒரு கறை என்று 2005இலேயே பவல் வருந்தினார்.

ஒரு பதக்கத்துக்குப் பல சாட்சிகள் போதவில்லை. ஒரு போருக்கு ஒரு புளுகன் போதும்!

இன்னும் கேளுங்கள். ஆயுதங்களைத் தேட அமெரிக்காவே அனுப்பிய சார்லஸ் டூல்ஃபர் குழு, பேரழிவு ஆயுதக் குவியல் எதுவும் ஈராக்கில் இல்லை என்று அறிக்கை தந்தது. தேதி 2004 அக்டோபர் 6. பெரால்டா இறந்தது நவம்பர் 15. அதாவது காரணம் பொய் என்று அரசாங்கத்தின் சொந்தக் குழுவே எழுதிக் கொடுத்து நாற்பதாவது நாள், அவர் அந்தக் கதவைத் திறந்தார்.

இதையும் தாண்டி ஒன்று இருக்கிறது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2004 டிசம்பர் 14. பெரால்டா இறந்து இருபத்தொன்பது நாள். வெள்ளை மாளிகையில் ஒரு விழா. அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதான 'மெடல் ஆஃப் ஃப்ரீடம்' மூன்று பேர் கழுத்தில் ஏறியது. ஒருவர் ஜார்ஜ் டெனெட், ஆயுதம் இருக்கிறது என்ற தகவல்களைத் திரட்டிக் கொடுத்த சி.ஐ.ஏ.வின் தலைவராக இருந்தவர். இன்னொருவர் பால் பிரெமர், 2003 மே மாதம் ஒரே உத்தரவில் ஈராக் ராணுவத்தைக் கலைத்து, லட்சக்கணக்கான ஆயுதப் பயிற்சி பெற்ற ஆண்களைச் சம்பளம் இல்லாமல் தெருவில் விட்டவர். மூன்றாமவர் ஜெனரல் டாமி ஃபிராங்க்ஸ், படையெடுப்பை வழிநடத்தியவர்.

இவர்களுக்கு நரம்பு மருத்துவர் வந்து மூளையைச் சோதித்தாரா? முடிவெடுத்தபோது இவர்கள் நினைவோடுதான் இருந்தார்களா என்று யாராவது கேட்டார்களா? துளியும் சந்தேகம் கூடாது என்ற விதி அன்றைக்கு எந்த அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது?

நம் ஊர்க் கோர்ட்டுச் செய்திகளில் அடிக்கடி ஒரு வரி வரும்: சந்தேகத்தின் பலனைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு அளித்து விடுதலை. பலவீனமான நிலையில் நிற்பவனுக்குக் கிடைக்க வேண்டியது சந்தேகத்தின் பலன். இங்கே அது தலைகீழ். மேலே இருப்பவர்களுக்குச் சந்தேகத்தின் பலன், கீழே இருப்பவனுக்குச் சந்தேகம் மட்டும். தவறாகப் போன முடிவுக்கு, அப்போது கிடைத்த தகவல் அப்படி என்று சமாதானம். தலையில் துளைபட்டுக் கிடந்தவன் மட்டும் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும்.

ஈராக் கட்சி நண்பனுக்கு

இதுவரை படித்துவிட்டு, "அப்படின்னா நான் சொன்னதுதானே சரி? அது அநியாயமான போர்தானே?" என்று நீ சிரிப்பாய். ஆமாம், அநியாயமான போர்தான். ஃபலூஜாவில் நூற்றுக்கணக்கான பொதுமக்கள் செத்தார்கள். நகரத்தில் பெரும்பகுதி இடிபாடாயிற்று. அந்தச் சண்டையில் வெள்ளை பாஸ்பரஸை எதிரிகள் மீது பயன்படுத்தியதை 2005 நவம்பரில் பென்டகனே ஒப்புக்கொண்டது. செத்த ஈராக்கியர்களின் பெயரில் கப்பல் இல்லை, பதக்கம் இல்லை, பலருக்குக் கல்லறையில் பெயர்கூட இல்லை. அவர்களை விட்டுவிட்டு பெரால்டாவுக்கு மட்டும் கண்ணீர் விட்டால் அது போலிக் கண்ணீர். உன் கோபம் நியாயமானது.

ஆனால் உன் கோபம் யார் மேல் இறங்குகிறது என்று பார். அந்தக் குடும்பத்தின் மேல். போரை முடிவு செய்த அறையில் அந்தப் பையன் இல்லை. கப்பல்களைத் திருப்பும் அதிகாரமும் அவனுக்கு இல்லை. ஒரு நாட்டில் கால் ஊன்ற, உழைப்பாலும் உயிராலும் விலை கொடுக்கத் தயாராக இருந்த குடியேறிகளில் ஒருவன். ஈராக்கில் முதலில் இறந்த அமெரிக்க வீரர்களில் ஒருவரான ஹோசே குத்தியெரெஸ் குவாத்தமாலாவிலிருந்து வந்தவர். 2003 மார்ச் 21 அன்று இறந்தபோது அவர் அமெரிக்கக் குடிமகனே இல்லை. செத்த பிறகு குடியுரிமை கொடுத்தார்கள். இதையெல்லாம் பார்க்காமல் சீருடையை மட்டும் பார்த்து 'செத்தது நல்லது' என்றால், கொடியை மட்டும் பார்த்து 'வெட்டு, குத்து' என்பவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?

பெரால்டாவின் சாவையும் ஃபலூஜாவில் செத்தவர்களின் சாவையும் ஒரே குற்றப் பட்டியலில், ஒரே குற்றவாளிகளின் பெயருக்குக் கீழே எழுத வேண்டும். ஒன்றை எழுதுவதற்காக இன்னொன்றை அழிக்க வேண்டிய அவசியம் இல்லை.

அந்த அம்மா

இந்தக் கதையில் என்னை மிகவும் பாதித்தவர் அவருடைய அம்மா ரோசா பெரால்டா. 2008இல் நேவி கிராஸ் அறிவிக்கப்பட்டபோது வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஏழு வருஷம் சொன்னார். உலகத்தின் மிகப் பெரிய ராணுவம் கொடுக்கும் இரண்டாவது பெரிய பதக்கத்தை, மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு விதவைத் தாய் ஏழு வருஷம் வேண்டாம் என்றார். பதக்கம் பற்றி ஆயிரம் பக்கம் எழுதிய அதிகாரிகளைவிட அந்த ஒரு 'வேண்டாம்' கனமானது என்பேன்.

2015 ஜூனில் பெண்டில்டன் முகாமில் கடற்படைச் செயலர் ரே மேபஸ் கையால் கடைசியில் வாங்கிக்கொண்டார். தோற்றுவிட்டார் என்று சிலர் சொல்வார்கள். பெற்ற பிள்ளைக்காக ஒரு தாய் எத்தனை வருஷம் சண்டை போட வேண்டும் என்று கணக்குச் சொல்ல நாம் யார்? அதே ஆண்டு அக்டோபரில், மகன் பெயர் சூட்டப்பட்ட போர்க்கப்பலுக்கு அவரே பெயர் சூட்டு விழா நடத்தினார். 2017 ஜூலை 29 அன்று அந்தக் கப்பல் சான் டியேகோவில் கடற்படையில் சேர்ந்தது. மகன் வளர்ந்த ஊர், மகன் புதைக்கப்பட்ட ஊர். கடிதம் வாங்கிய தம்பியும் வளர்ந்து மெரைன் ஆனார்.

ஏவுகணை தாங்கிய கப்பலுக்குப் பெயர் வைப்பது மரியாதையா, சமாதானமா? தாய்க்கு அது ஆறுதல் தந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கப்பல் எதையும் விளக்காது. ஏன் அவன் அங்கே இருந்தான் என்று சொல்லாது. பெயர் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும்.

அப்புறம் எப்படித்தான் நினைவில் வைப்பது?

என் பதில் இதுதான். முழுசாக நினைவில் வை. அவன் முன்னால் போனதைச் சொல். குண்டு விஷயத்தில் சாட்சிகள் இரண்டாகப் பிரிந்ததையும் மறைக்காமல் சொல். எந்தப் பொய்க்காக அவன் அங்கே நிறுத்தப்பட்டான் என்பதைச் சொல். அந்த வீடு யாருடையதோ, அந்த ஈராக்கியக் குடும்பத்தையும் சொல். பொய் சொன்னவர்களுக்கு என்ன பதக்கம் கிடைத்தது, எந்தத் தேதியில் கிடைத்தது என்பதை மறக்காமல் சொல்.

வீரனைச் சிலையாக்கிவிட்டால் கேள்வி கேட்க வேண்டியதில்லை. அவனை வில்லனாக்கினாலும் அதே வசதிதான். என் இரண்டு நண்பர்களும் எதிர் எதிராக உட்கார்ந்துகொண்டு செய்தது ஒரே வேலையைத்தான். இருவருமே பெரால்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டெனெட்டையும் பிரெமரையும் ஃபிராங்க்ஸையும் யாரும் பார்க்கவில்லை.

இனி எந்த நாட்டிலாவது, எந்தக் கட்சி ஆட்சியிலாவது, போருக்குப் போகலாம் வாருங்கள் என்று யாராவது கையில் எதையாவது தூக்கிக் காட்டினால் ஒன்றே ஒன்று கேளுங்கள். பெரால்டாவிடம் நீங்கள் கேட்ட அளவுக்கு உறுதியான சான்று இருக்கிறதா? துளியும் சந்தேகம் இல்லாத சான்று?

இல்லை என்றால், அந்தக் கதவை முதலில் நீங்கள் போய்த் திறங்கள் என்று சொல்லுங்கள்.

மெஸ் நண்பர்கள் இருவருக்கும்: இன்றைக்கு இரவு சாப்பாட்டுக்கு அதே மேசையில் இருப்பேன். அப்பளம் நமுத்துப் போவதற்குள் வாருங்கள்.